யுங் விங் சரித்திரம்

பொருள் தேடிக் கடல் கடந்தாரைப் பற்றி நம்மவர் பலவும் கேட்டிருப்பர். கல்வி தேடிக் கடல் கடந்து, பெற்ற கல்வியைத் தம்மளவில் நிறுத்திக்கொள்ளாது, தம் தேசத்துச் சிறுவர் நூற்றிருபதின்மருக்கு அவ்வழியைத் திறந்துவிட்ட ஒருவரைப் பற்றி அறிந்தார் சிலரே. அவர் சீன தேசத்திற் பிறந்த யுங் விங் என்பவர். ஒரு நாட்டின் உயர்தரக் கல்வி பிற நாட்டுக் கலாசாலைகளோடு உறவுகொண்டு வளர்தல் இக்காலத்தில் இயல்பாகிவிட்டது. சீனத்தில் அவ்வுறவு எங்ஙனம் தொடங்கிற்று, எவ்வளவு அச்சத்தினிடையே வளர்ந்தது, பாதி வழியில் எவ்வாறு முறிக்கப்பட்டது, முறிந்த பின்னரும் எவ்வாறு தளிர்த்தது என்பவற்றை இப்பெரியாரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டும். பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் படிக்க அனுப்புவோரும், பிறர் பிள்ளைகளின் படிப்புக்குப் பொருளுதவுவோரும் நம் சங்கத்திற் பலர் உளர். அவ்விரு திறத்தாரும் எண்ணிப் பார்த்தற்குரிய செய்தி இதில் உண்டு. ஆதலின் இதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிறப்பும் இளமையும்

யுங் விங், 1828-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17-ஆம் நாள், குவாங்துங் மாகாணத்து ஸியாங்ஷான் வட்டத்தைச் சார்ந்த நான்பிங் என்னும் சிற்றூரிற் பிறந்தார். போர்ச்சுகீசியர் வசமிருந்த மக்காவ் பட்டினம் அவ்வூருக்கு அணித்து. குடும்பமோ வறியது. அக்காலத்துச் சீனருக்குக் கல்வியாவது, பண்டை நூல்களை நெட்டுருச் செய்து அரசாங்கப் பரீட்சையில் தேறி உத்தியோகம் பெறுதலேயாம். மூத்த மகனை அம்முறையிலேயே படிக்கவைத்த பெற்றோர், இளையவரான இவரை 1835-ல், ஏழாம் வயதில், குட்ஸ்லாஃப் என்னும் பாதிரியாரின் மனைவியார் மக்காவில் நடத்திவந்த பள்ளியிற் சேர்த்தனர். அந்நியரோடு வணிகம் பெருகிவருவதைக் கண்ட அவர்கள், ஆங்கிலம் கற்ற பிள்ளை துபாஷாகவேனும் பிழைத்துக்கொள்வான் என்று கருதினர் போலும்.

அப்பள்ளியில் இவர் சாதுவான மாணவராக இருந்தாரென்று சொல்லுதற்கில்லை. உடன் பயின்ற சிறுமியர் சிலரைக் கூட்டிக்கொண்டு, படகொன்றை அமர்த்தி, ஊருக்கு ஓடிப்போக முயன்று, பின்தொடர்ந்தவர்களாற் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றார். பள்ளி கலைந்தபின் 1840-ல் தந்தையார் இறந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவர் விடியுமுன் எழுந்து, மிட்டாய்த் தட்டைச் சுமந்து, ஊர் ஊராக விற்கத் தொடங்கினார். அறுவடைக் காலத்தில் தமக்கையாரோடு வயல்களிற் சென்று உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கினார். அறுப்போரின் தலைவன், இச்சிறுவருக்கு அந்நிய பாஷை தெரியுமென்று கேள்வியுற்று, அதனைப் பேசிக்காட்டுமாறு கேட்டான். இவர் இங்கிலீஷ் அரிச்சுவடியை முதலிலிருந்து முடிவுவரை ஒப்புவித்தார். கேட்டு மகிழ்ந்த அவன், சுமக்க மாட்டாத அளவு கதிர்க்கட்டுகளை அளித்து அனுப்பினான். இவர் கற்ற ஆங்கிலம் முதன்முதலாக ஈட்டித்தந்த ஊதியம் அந்நெல்லே.

1841-ல் மக்காவிலிருந்த மாரிஸன் கல்விச் சங்கப் பள்ளியில் இவருக்கு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு அப்பள்ளி ஹாங்காங்கிற்கு மாற்றப்பட்டது. அதன் ஆசிரியர் ஸாமுவேல் ராபின்ஸ் பிரவுன் என்னும் அமெரிக்கர். யேல் கலாசாலையிற் பட்டம் பெற்றவர். மாணாக்கருடைய மனமறிந்து கற்பிக்கும் இயல்புடைய அவ்வாசிரியராலேயே யுங் விங்கின் வாழ்வு திசைமாறிற்று.

யேல் கலாசாலை வாசம்

உடல்நலங்குன்றித் தாய்நாடு செல்ல நேர்ந்த பிரவுன், தம்முடன் வர விரும்பும் மாணாக்கர் எழுந்து நிற்கலாம் என்று வகுப்பில் அறிவித்தார். மூவர் எழுந்தனர், அவருள் ஒருவர் யுங் விங். தாயார் கண்ணீரோடு விடைகொடுத்தார். 1847 ஜனவரி 4-ஆம் நாள் கப்பலேறி, ஏப்ரல் 12-ஆம் நாள் நியூயார்க் துறைமுகம் அடைந்தனர். மாஸசூஸெட்ஸ் மாகாணத்து மான்ஸன் நகரப் பள்ளியில் மூவரும் பயின்றனர். ஒருவர் நோயுற்று 1848-ல் ஊர் திரும்பினார்; மற்றொருவர் ஸ்காட்லாந்து சென்று எடின்பரோவில் வைத்தியம் கற்றார். யுங் விங் கலாசாலைப் படிப்பை விரும்பினார், கையிலோ பொருளில்லை.

அவ்வமயம் உதவிப்பணம் ஒன்று கிடைக்கும்போலிருந்தது. படித்து முடித்தபின் சீனத்திற்கு மதபோதகராகத் திரும்புவதாக எழுதிக்கொடுத்தால் அப்பணம் தரப்படும் என்பது நிபந்தனை. யுங் விங் தாமும் கிறிஸ்து மதத்தைத் தழுவியவரே. எனினும், தம் தேசத்துக்குத் தாம் எவ்வழியால் மிகுதியும் பயன்படலாகும் என்பதைக் கற்று முடித்த பின்னரே அறியக்கூடுமென்றும், இன்றே கைகளைக் கட்டிக்கொள்ளுதல் தகாதென்றும் கூறி அதனை மறுத்துவிட்டார். ஏழையொருவர் கைக்கெட்டிய பொருளை இங்ஙனம் மறுத்தல் எளிதன்று. பின்னர் ஜார்ஜியா மாகாணத்து ஸவான்னா நகர மாதர் சங்கத்தார் நிபந்தனையின்றி உதவ முன்வந்தனர். 1850-ல் யேல் கலாசாலையிற் சேர்ந்தார்.

யேல் என்னும் அப்பெயர்க்கும் நம் சென்னைக்கும் தொடர்புண்டு. புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராயிருந்த எலிஹு யேல் என்பார், சரக்குப் பொதிகளும் நூல்களும் நன்கொடையாக அனுப்பியதனால், 1718-ல் அக்கலாசாலை அவர் பெயரைத் தாங்கிற்று. சோழமண்டலக் கரையில் திரண்ட பொருளின் ஒரு பகுதி அமெரிக்கக் கலாசாலைக்குப் பயன்பட, அங்கே சீனத்து மாணாக்கர் ஒருவர் வந்து பயின்றார். கல்விக்கு இட்ட பொருள் எந்நாட்டார்க்குப் பயன்படுமென்று இட்டவரே அறியார்.

கலாசாலையில் இவர் பட்ட துன்பம் பெரிது. உயர்கணிதம் இவருக்கு எட்டவில்லை. கலாசாலையினின்றும் நீக்கிவிடுவரோ என்று அஞ்சினார். ஆனால் ஆங்கில வியாசம் எழுதுவதில் அந்நாட்டு மாணாக்கரையும் வென்று இருமுறை முதற்பரிசு பெற்றார். உடன் பயில்வோர்க்கு உணவு ஏற்பாடு செய்தும், மாணாக்கர் சங்கத்து நூல்நிலையத்தைப் பார்த்துக்கொண்டும் தம் செலவுக்கு வழிதேடினார். 1854-ல் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கலாசாலையிற் பட்டம் பெற்ற சீனருள் இவரே முதல்வர். தாம் பெற்ற பேற்றினைத் தம் தேசத்து இளைஞரும் பெறவேண்டும், அவர்கள் மூலம் சீனம் புத்துயிர் பெறவேண்டும் என்னும் எண்ணம் இறுதியாண்டிலேயே இவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

தாய்நாடு மீண்டமை

கப்பல் ஹாங்காங்கை நெருங்கியபோது, துறைமுகத்திற்கு வழிகாட்டும் சீன மாலுமி ஒருவன் கப்பலேறினான். அருகே பாறைகளும் மணற்றிட்டுகளும் உளவோ என்று அவனிடம் கேட்டுச் சொல்லுமாறு கப்பல் தலைவர் யுங் விங்கை ஏவினார். அவருக்குத் தாய்மொழிச் சொல் ஒன்றேனும் நாவில் எழவில்லை. அம்மாலுமியே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விடையிறுத்துக் காரியத்தை முடித்தான். எட்டாண்டுக் காலத்தில் ஒருவர்க்குப் பிறந்த மொழி இவ்வளவு தூரம் விலகிப்போகும் என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். இச்செய்தி பின்னர் வரும் கதைக்கு வேண்டுவது.

தாயாரைக் கண்டு வணங்கிப் பட்டப் பத்திரத்தைக் காட்டியபோது, அதனால் எவ்வளவு பணம் பரிசாகக் கிடைத்தது என்று அவ்வம்மையார் கேட்டார். மூத்தவன் மீசை வளர்க்காதிருக்க இளையவன் வளர்த்தல் முறையன்று என்றும் சொன்னார். மகனார் மறுமொழி கூறாது உடனே சென்று மீசையை மழித்து வந்தார். பின்பு காண்டன் நகரில் தங்கி, மறந்த மொழியை மீண்டும் கற்றார்.

அதன்பின் பல்லாண்டுகள் இவர் நிலைகொள்ளாது அலைந்தார். அமெரிக்கப் பிரதிநிதியிடம் காரியதரிசி வேலை, ஹாங்காங் நியாயஸ்தலத்தில் மொழிபெயர்ப்பு, ஷாங்காய்ச் சுங்கச் சாவடியில் உத்தியோகம் என ஒன்றன்பின் ஒன்றாக ஏற்று விடுத்தார். சுங்கச் சாவடியிற் கைக்கூலி மலிந்திருந்தது. சீனர் எவ்வளவு தகுதியுடையராயினும் உயர்பதவி எய்துதல் அங்கே அரிது. ஆதலின் அதனையும் துறந்தார். பின்னர்த் தேயிலை வாணிகத்திற் புகுந்தார். செய்த தொழில் யாதாயினும் உள்ளத்திலிருந்த எண்ணம் ஒன்றே.

எண்ணம் கைகூடியமை

1863-ல் ஸெங் குவோஃபான் என்னும் பெருந்தலைவர் இவரை அழைத்துப் பேசினார். தைப்பிங் கலகத்தை அடக்கும் பொறுப்பு அவர் கையிலிருந்தது. சீனத்துக்கு உடனே வேண்டுவது யாதென்று அவர் கேட்பாரென்பதும், போர்க்காலத்தில் கல்வியைப் பற்றிப் பேசினால் அது செவியில் ஏறாதென்பதும் நண்பர் வாயிலாக இவர் முன்னரே அறிந்திருந்தார். ஆகவே, பிற இயந்திரங்களைச் செய்யவல்ல மூல இயந்திரங்களை நிறுவுதல் வேண்டுமென்று விடையளித்தார். தலைவர் அதனை ஏற்று, இவரையே அமெரிக்காவுக்கு அனுப்பினார். இவர் வாங்கி அனுப்பிய இயந்திரங்கள் 1865-ல் வந்திறங்கி, ஷாங்காயில் கியாங்நான் ஆயுதசாலையில் நிறுவப்பட்டன. கொடுத்த பணத்துக்குக் கணக்கும், சொன்ன சொல்லுக்குச் செய்கையும் காட்டியபின், பெரியோர் இவர் பேச்சுக்குச் செவிசாய்த்தனர்.

1868-ல், கியாங்ஸு மாகாணத் தலைவர் டிங் ரிசாங் வாயிலாகத் தம் கல்வித் திட்டத்தை மேலிடத்துக்கு எழுதினார். 1870-ல் தியன்ஜின் கலகம் பற்றிய விசாரணைக்காகத் தலைவர்கள் ஓரிடத்திற் கூடியபோது, ஸெங் குவோஃபானும் டிங் ரிசாங்கும் இதனைக் கையிலெடுத்தனர்; லீ ஹுங் சாங்கும் துணைநின்றார். 1871-ல் அரசாங்கத்தின் இசைவு கிடைத்தது. பட்டம் பெற்ற நாளிலிருந்து பதினேழாண்டுகள் ஒரே எண்ணத்தை இவர் சுமந்திருந்தார். இசைவு பெற்றுத்தந்த ஸெங் குவோஃபானோ, முதற்கூட்டத்தார் கப்பலேறுமுன் 1872 மார்ச்சு மாதத்திலேயே காலமானார்.

நூற்றிருபதின்மர்

ஆண்டுக்கு முப்பதின்மராக நான்காண்டுகளில் நூற்றிருபது சிறுவர் செல்லவேண்டும், வயது 12 முதல் 15 வரை, அங்கே பதினைந்தாண்டுகள் தங்கிக் கலாசாலைக் கல்வியும் தொழிற்கல்வியும் முடித்துத் திரும்பவேண்டும், செலவனைத்தும் அரசாங்கத்தினுடையது. இவை ஏற்பாடு. பிள்ளைக்கு நோயாலோ விபத்தாலோ தீங்கு நேரினும் அரசாங்கத்தைக் குறைகூறோம் என்று பெற்றோர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மீசை அரும்பாத மகனை அனுப்பி, முப்பதை நெருங்கியவனாகத் திரும்பக் காண்பது என்றால் எந்தத் தாய்தான் மனமொப்புவாள்? வடநாட்டுச் செல்வக் குடும்பத்தார் பெரும்பாலும் மறுத்தனர். முதல் முப்பதின்மரை நிரப்ப யுங் விங் ஹாங்காங்வரை சென்று தேடவேண்டியதாயிற்று. சென்றவருட் பெரும்பாலோர் தென்கடற்கரையினர். அந்நியரோடு பழகியறிந்த குடும்பத்தார். பெண்மக்கள் ஒருவரும் இலர். அண்டை நாடாகிய ஜப்பான் 1871-ல் தன் தூதரோடு சிறுமியர் ஐவரை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியதனை நோக்க, இது சீன ஏற்பாட்டில் ஒரு குறையே.

1872 ஆகஸ்டு மாதம் முதற்கூட்டத்தார் ஷாங்காயிலிருந்து புறப்பட்டனர். கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்ஃபோர்டு நகரம் தலைமையிடமாயிற்று. சிறுவரை விடுதியில் மொத்தமாக அடைக்காமல், இருவர் மூவராகப் பிரித்து, அந்நாட்டு நல்ல குடும்பங்களில் வைத்தனர். அதனால் மொழி விரைவில் வந்தது. ஒழுங்கும் அன்பும் கிடைத்தன. அதே வேளையில் சீன ஆசிரியர்களும் உடன் சென்றனர். சிறுவர் முறைவைத்து ஹார்ட்ஃபோர்டுக்கு வந்து தம் தேசத்து நூல்களைப் பயின்றனர். சொந்த மொழியை மறந்து வருந்திய அனுபவம் யுங் விங்குக்கு இருந்ததன்றோ? அவர் 1878-ல் யேல் கலாசாலைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சீன நூல்களைக் கொடையளித்து, அங்கே சீனமொழிக் கல்விக்கும் வித்திட்டார். கொள்வதோடு கொடுப்பதும் இருந்தாலன்றி இருநாட்டுக் கல்வியுறவு நிமிர்ந்து நில்லாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்க.

அச்சமும் அழைப்பும்

சிறுவர் நீண்ட அங்கியோடும் பின்னலோடும் சென்றனர். சின்னாட்களில் அங்கியை விட்டு அமெரிக்க உடை தரித்தனர், பந்தாட்டத்தில் தேர்ந்தனர், சிலர் தேவாலயம் சென்றனர், இரண்டொருவர் பின்னலையே களைந்தனர். அக்காலத்துச் சீனர்க்குப் பின்னலை அறுத்தல் அரசரை அவமதித்தல் ஆகும். யுங் விங்குடன் அனுப்பப்பட்ட தலைவர்களான சென் லான்பின் முதலியோர் பழைய முறையிற் கற்றவர்கள். பணிந்து வணங்குதலை மறந்த பிள்ளைகள் இனித் தேசத்துக்கு எங்ஙனம் உதவுவர் என்று அவர்கள் கலங்கினர். பின்வந்த வூ ஸுதெங் என்பவர் இவற்றைப் பெரிதாக்கி மேலிடத்துக்கு எழுதலானார். யுங் விங்கோ வாஷிங்டனில் துணைத்தூதராகவும் நியமிக்கப்பட்டமையால், பிள்ளைகளின் அருகே எப்பொழுதும் இருக்க இயலவில்லை. அவர் 1875-ல் மேரி கெல்லாக் என்னும் அமெரிக்க மாதை மணந்தமையும் அவர்மீது ஐயத்தை வளர்த்தது.

அமெரிக்க அரசாங்கமும் தன் பங்குக்குத் தீங்கு செய்தது. தரைப்படை, கடற்படைக் கலாசாலைகளிற் சீன மாணாக்கரைச் சேர்க்க அது மறுத்துவிட்டது. மேற்குக் கரையில் சீனர்மீது பகை மூண்டு, 1882-ல் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுக்கும் சட்டமாகவே முடிந்தது. யேல் கலாசாலைத் தலைவர் நோவா போர்ட்டர், எழுத்தாளர் மார்க் ட்வெயின், முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் முதலியோர் மாணாக்கரை நிறுத்திவைக்க முயன்றும் பயனில்லை. 1881-ல் அனைவரும் திரும்பவேண்டுமென்று ஆணை பிறந்தது. அப்போது அறுபதுக்கு மேற்பட்டோர் கலாசாலைகளிலும் தொழிற்பள்ளிகளிலும் பயின்றுகொண்டிருந்தனர். பட்டம் பெற்றிருந்தோர் இருவரே. பதினைந்தாண்டு என்று தொடங்கியது ஒன்பதாம் ஆண்டில் நின்றது.

ஏறக்குறைய நூற்றுவர் ஷாங்காய் சேர்ந்தனர். வரவேற்பாரில்லை. பாழடைந்த கட்டடமொன்றிற் காவலில் வைக்கப்பட்டனர். கற்ற கல்வி யாதெனக் கேளாமலே, சிலரைத் தந்தி இலாகாவுக்கும், சிலரைக் கடற்படைப் பள்ளிக்கும், சிலரை ஆயுதசாலைக்கும் பங்கிட்டனர். யேலில் எஞ்சினீரிங் பட்டம் பெற்ற ஜான் தியன்யூ மரக்கலஞ் செலுத்தக் கற்குமாறு ஏவப்பட்டார்.

அவ்வதிகாரிகளின் அச்சம் முழுதும் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். சிறுவயதில் வேற்று நாட்டில் வளர்வோர்க்குத் தாய்மொழி நழுவும், நடையுடை மாறும். யுங் விங்கின் வாழ்விலேயே அதற்குச் சான்று கண்டோம். ஆயினும், மறந்த மொழியை அவர் சில மாதங்களில் மீட்டுக்கொண்டார். தாயின் ஒரு சொல்லுக்கு மீசையை மழித்தார். மொழி குன்றினால் மொழியாசிரியரை மிகுதியாக அனுப்பலாம். அடிக்கடி கடிதம் எழுதலாம். பாதி வெந்த சோற்றை அடுப்பினின்றும் இறக்குதலால் யாருடைய பசியும் தீராது.

விளைந்த பயன்

பாதியிலே மீண்ட அவ்விளைஞர் சும்மா இருந்தாரல்லர். சிலர் 1884-ல் ஃபூசௌவில் பிரெஞ்சுக்காரரோடும், பின்னர் ஜப்பானியரோடும் நடந்த கடற்போர்களில் தேசத்துக்காக உயிர்நீத்தனர். அந்நியராய்விட்டனர் என்று ஐயுறப்பட்டவர் அவர்களே. ஜான் தியன்யூ பின்னர் இருப்புப்பாதைத் துறையிற் புகுந்து, பீக்கிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு மலைகளினூடே செல்லும் பாதையை, அந்நிய எஞ்சினீயர் ஒருவருமின்றி 1905 முதல் 1909 வரை நின்று அமைத்து முடித்தார்.

கல்வித் துறையில் விளைந்த பயன் இன்னும் பெரிது. அம்மாணாக்கருள் ஒருவரான லியாங் செங், வாஷிங்டனில் சீனத் தூதராயிருந்தபோது, 1900-ஆம் ஆண்டுக் கலகத்துக்காகச் சீனம் செலுத்திவந்த தண்டத்தொகையில் அமெரிக்காவின் பங்கு உண்மை நட்டத்திற்கு மிகைப்பட்டதென்று எடுத்துக்காட்டி, மிகையைத் திருப்பித்தருமாறு இடைவிடாது வற்புறுத்தினார். 1908-ல் அமெரிக்கா அதற்கு இசைந்தது. அப்பொருளைக்கொண்டு 1909 முதல் மீண்டும் சீன மாணாக்கர் அமெரிக்கா சென்றனர். அவர்களை ஆயத்தப்படுத்த 1911-ல் சிங்ஹுவாப் பள்ளி தோன்றிற்று. அதன் தலைமைப் பதவியை 1912-ல் ஏற்ற தாங் குவோஆன் என்பாரும் அந்நூற்றிருபதின்மருள் ஒருவரே. அப்பள்ளியே இன்று பல தேசத்து மாணாக்கரும் நாடிச்செல்லும் சிங்ஹுவாப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. மாணாக்கரை அனுப்ப அஞ்சிய நாடு, பிறநாட்டு மாணாக்கரை வரவேற்கும் நாடாயிற்று.

இறுதிக் காலம்

யுங் விங்கின் முதுமை துன்பம் நிறைந்தது. மனைவியார் 1886-ல் இரு புதல்வரை விட்டு மறைந்தார். 1895-ல் சீனம் ஜப்பானிடம் தோற்றபின் மீண்டும் தாய்நாடு அழைக்கப்பட்டார். 1898-ல் சீர்திருத்தக் கட்சியார் ஒடுக்கப்பட்டபோது, அவர்களோடு தொடர்புடைய இவரும் பீக்கிங்கை விட்டு ஓடி ஒளியவேண்டியதாயிற்று. 1852-லேயே இவர் பெற்றிருந்த அமெரிக்கக் குடியுரிமையை அந்நாடு அதே 1898-ல் ஒப்ப மறுத்தது. இவ்வாறு இருநாட்டுக்கும் உழைத்தவர் இருநாட்டிலும் இடமின்றி நின்றார். எனினும் 1902-ல் எவ்வாறோ அமெரிக்கா சேர்ந்து, இளைய மகனார் யேலிற் பட்டம் பெறுவதைக் கண்டு மகிழ்ந்தார். 1909-ல் தம் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். 1912 ஏப்ரல் 21-ஆம் நாள் ஹார்ட்ஃபோர்டில் எண்பத்துமூன்றாம் வயதில் காலமானார். அவர் கண்மூடிய அந்நாளில், புதிதாகத் தோன்றிய சீனக் குடியரசின் முதற் பிரதம மந்திரியாக வீற்றிருந்தவர் தாங் ஷாவோயீ. அவரும் யுங் விங் அழைத்துச் சென்ற சிறுவருள் ஒருவரே.

அன்பர்களே, இச்சரித்திரத்தால் நாம் கொள்ளத்தக்கன இரண்டு. படிப்புக்குப் பொருள் கொடுப்போர், ஸவான்னா நகர மாதரைப் போலக் கொடுக்கவேண்டும். பெற்றவன் எத்துறையிற் புகவேண்டும் என்று முன்னரே கட்டுதல் வேண்டா. நன்றியுள்ளவன் கட்டின்றியும் திரும்பிப் பார்ப்பான். பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அவன் மாறுவான் என்பதை ஏற்றுக்கொண்டே அனுப்பவேண்டும். தமிழ் மறவாதிருக்கக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், நூல்கள் அனுப்புங்கள், விடுமுறைக்கு வந்தால் உறவினர் வீடுகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். உடையும் உணவும் மாறக் கண்டு மனங்கலங்கிப் படிப்பை இடையில் நிறுத்திவிடாதீர்கள். ஒன்பதாண்டுக் கல்வியே சீனத்துக்கு அவ்வளவு தந்ததாயின், பதினைந்தாண்டும் நிறைந்திருப்பின் எவ்வளவு தந்திருக்கும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் பெரியோர் எண்ணிப் பார்ப்பாராக.